காலி நடைமேடைகள் இருக்க ரயில் ஏன் வெளியே நிற்கிறது?

பெருநகர நிலையத்தை நெருங்கிய ரயில் வெளிச் சிக்னலில் இருபது நிமிடம் நின்றுவிடுகிறது. பிறகு மெல்ல ஊர்ந்து உள்ளே நுழையும்போது சன்னல் வழியே பார்த்தால் மூன்று நான்கு நடைமேடைகள் ஆளரவமின்றிக் கிடக்கின்றன. இத்தனை இடம் இருந்தும் நம்மை ஏன் வெளியே காக்க வைத்தார்கள், எந்த ரயிலுக்கு எந்த நடைமேடை என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. விடையின் பெரும்பகுதி நடைமேடையில் இல்லாமல், நிலையத்துக்குச் சற்று வெளியே, பயணிகள் கவனிக்காமல் கடந்துபோகும் சில நூறு மீட்டர் தூரத்துக்குள் அடங்கியிருக்கிறது.

ஹௌரா நிலையத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நடைமேடைகள் உள்ளன. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் முனையத்தில் 1913இல் இரண்டு தளங்களாகக் கட்டப்பட்ட 44 நடைமேடைகள் உள்ளன. ஆனால் இத்தகைய நிலையங்களுக்கு வெளியிலிருந்து வந்து சேரும் பாதைகளோ நான்கு, ஆறு, எட்டு என்ற அளவில்தான் இருக்கும். அந்தச் சில பாதைகள் விசிறிபோலப் பிரிந்து எல்லா நடைமேடைகளையும் சென்றடைவதற்காக, ரயிலை ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் பாயிண்டுகளும் குறுக்குப் பாதைகளும் பின்னிக் கிடக்கும் ஒரு பகுதி நிலைய வாயிலில் அமைகிறது. குடத்தின் வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் அதன் கழுத்தளவில்தான் உள்ளே போகும் அல்லவா. அந்தப் பகுதியை இங்கே நிலையத்தின் கழுத்து என்றே அழைக்கிறேன். ஒரு நிலையம் ஒரு மணி நேரத்தில் எத்தனை ரயில்களைக் கையாளும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தக் கழுத்துதான்.

கழுத்தில் நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு ரயிலுக்கு வழி அமைக்கப்பட்டவுடன், அந்த வழியில் உள்ள பாயிண்டுகள் அனைத்தும் பூட்டப்படுகின்றன. அந்த வழியைத் தொடும் அல்லது குறுக்கே வெட்டும் வேறு எந்த வழிக்கும் பச்சை விளக்கு எரிய முடியாது. இன்டர்லாக்கிங் எனப்படும் இந்த ஏற்பாடு நெம்புகோல் கேபின்களின் காலத்தில் இரும்புத் தண்டுகளால் நடந்தது, பிறகு ரிலேக்கள் எனப்படும் மின் விசைகளால் நடந்தது, இப்போது கணினியால் நடக்கிறது. விதி மட்டும் மாறவில்லை. ஆகவே இடது ஓரத்துப் பாதையில் வரும் ரயிலை வலது ஓரத்து நடைமேடைக்கு அனுப்பினால், அது கழுத்து முழுவதையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்; அதன் கடைசிப் பெட்டி விலகும்வரை நடுவிலுள்ள நடைமேடைகளுக்கு யாரும் வரவோ அங்கிருந்து போகவோ இயலாது. அதே ரயிலை இடது ஓரத்து நடைமேடைக்கே அனுப்பினால், அதே நேரத்தில் வலப்பக்கத்தில் இன்னொரு ரயில் தாராளமாகப் புறப்படலாம். நீங்கள் பார்த்த காலி நடைமேடை எதிர் ஓரத்தில் இருந்திருந்தால், அது உங்கள் ரயிலைப் பொறுத்தவரை காலியாக இருந்தும் பயனற்றதே.

இதில் வேகம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சிறு கணக்கு காட்டிவிடும். கழுத்தின் நீளம் 400 மீட்டர், ரயிலின் நீளம் 600 மீட்டர் என்று கொள்வோம்; 24 பெட்டிகள் கொண்ட இந்திய விரைவு ரயில் ஏறத்தாழ அந்த நீளம் வரும். எஞ்சின் கழுத்துக்குள் நுழைந்ததிலிருந்து கடைசிப் பெட்டி வெளியேறும்வரை ரயில் ஒரு கிலோமீட்டர் நகர வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு ஒரு நிமிடம், 30 கிலோமீட்டரில் இரண்டு நிமிடம், 15 கிலோமீட்டரில் நான்கு நிமிடம் ஆகும். கிளை சட்டென்று அதிகக் கோணத்தில் பிரியும் பழைய பாயிண்டுகளில் 15 கிலோமீட்டர் வேகமே அனுமதிக்கப்படுவதும், நீண்டு மெல்லப் பிரியும் பாயிண்டுகளில் 30 கிலோமீட்டரும் அதற்கு மேலும் அனுமதிக்கப்படுவதும் ஏன் பெரிய விஷயம் என்பது இப்போது விளங்கும். பாயிண்டை மாற்றினாலே, ஒரு நடைமேடையும் கூடுதலாகக் கட்டாமல், பல ரயில்களுக்கு இடம் கிடைத்துவிடும். ரயிலின் கடைசிச் சக்கரம் ஒவ்வொரு பகுதியைக் கடக்கும்போதும் அந்தப் பகுதியை மட்டும் உடனுக்குடன் விடுவித்து அடுத்த ரயிலுக்குத் தரும் முறையும் இதே நோக்கத்துக்காக வந்ததுதான்.

பாதுகாப்புக்காக விடப்படும் இடைவெளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரயில் நிற்க வேண்டிய சிக்னலைத் தாண்டிச் சற்றுச் சறுக்கிவிட்டாலும் ஆபத்து நேராதபடி, சிக்னலுக்கு அப்பாலும் ஒரு தூரத்தைக் காலியாக வைத்திருப்பது வழக்கம். இந்தியாவில் பல வண்ண விளக்குச் சிக்னல் உள்ள இடங்களில் அது 120 மீட்டர். முனையத்தில் பாதையே முடிந்துவிடுவதால் அப்படி விட இடம் இருக்காது. எனவே அங்கே வேகத்தைத்தான் குறைத்தாக வேண்டும். 28.2.1975 அன்று லண்டனின் மூர்கேட் நிலையத்தில் சுரங்க ரயில் ஒன்று வேகம் குறையாமல் பாதை முடியும் சுவரில் மோதி 43 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் அத்தகைய முனைகளில் ரயிலின் வேகத்தைத் தானாகவே கட்டுப்படுத்தும் சாதனங்கள் பொருத்தப்பட்டன. நிலையத்துக்குள் ரயில் ஆமைபோல நகர்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த விபத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிலையங்களில் இரண்டு வகை உண்டு. ரயில் ஒரு புறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும் வழி நிலையம் ஒன்று; வந்த வழியே திரும்பிப் போக வேண்டிய முனையம் மற்றொன்று. முனையத்தில் ஒவ்வொரு ரயிலும் ஒரே கழுத்தைக் குறைந்தது இரண்டு முறை பயன்படுத்துகிறது. குறைந்தது என்றேன், எஞ்சின் இழுத்து வரும் தொலைதூர ரயிலுக்கு அது இன்னும் கூடும். ரயில் வந்து சேருவது முதல் நகர்வு. இழுத்து வந்த எஞ்சின் பாதை முடியும் முனையில், பெட்டிகளுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொள்ளும். ஆகவே வேறொரு எஞ்சின் மறுமுனையில் வந்து கோத்துக் காலிப் பெட்டிகளைப் பராமரிப்பு யார்டுக்கு இழுத்துச் செல்ல வேண்டும். அந்த எஞ்சின் உள்ளே வருவது இரண்டாவது, பெட்டிகள் வெளியே போவது மூன்றாவது. அகப்பட்டிருந்த எஞ்சின் தனியே வெளியேறுவது நான்காவது. துடைத்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, பிரேக்குகளைச் சோதித்து முடித்த பெட்டிகளைத் திரும்பவும் நடைமேடைக்குக் கொண்டுவருவது ஐந்தாவது. பயணிகளோடு புறப்படுவது ஆறாவது. அறிவிப்புப் பலகையில் ஒரு வருகையும் ஒரு புறப்பாடும் மட்டுமே தெரியும். கழுத்தோ ஆறு முறை அடைபட்டுத் திறந்திருக்கும். நீங்கள் வெளியே காத்திருந்த இருபது நிமிடத்தில் பயணிகள் ரயில் எதுவும் உங்களைக் கடந்திருக்காது. ஆனால் இத்தகைய காலிப் பெட்டிகளும் தனி எஞ்சின்களும் கடந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். என் கணிப்பில், பயணிகளுக்குச் சொல்லப்படாத செய்திகளில் முதன்மையானது இதுவே.

இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை கொண்ட மின்தொடர் வண்டிகள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிடுகின்றன. அவற்றுக்கு எஞ்சின் மாற்றம் தேவையில்லை. வருகை, புறப்பாடு என்ற இரண்டு நகர்வுகளோடு வேலை முடிகிறது. மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தின் 18 நடைமேடைகளில் புறநகர் ரயில்களுக்கு 7 மட்டுமே உள்ளன. மீதி 11 தொலைதூர ரயில்களுக்கானவை. ஆயினும் நாள் முழுவதும் வந்து போகும் வண்டிகளில் மிகப் பெரும்பான்மை அந்த 7 நடைமேடைகளில்தான் கையாளப்படுகின்றன. 2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயில்களுக்கும் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், அவை வந்த நடைமேடையிலிருந்தே திரும்பிப் புறப்பட முடிகிறது.

இந்த வகையில் எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது டோக்கியோ நிலையம். அங்கே சூவோ விரைவுப் பாதையின் வண்டிகள் ஒரே ஒரு தீவு நடைமேடையின் இரு பக்கங்களில், இரண்டே தடங்களில் திரும்புகின்றன. காலை நெரிசல் நேரத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. அப்படியானால் ஒரு வண்டி உள்ளே நுழைந்து, பயணிகளை இறக்கி, ஏற்றி, வெளியேறி, அடுத்த வண்டிக்கு வழி விடுவதற்கு மொத்தமாகக் கிடைப்பது நான்கு நிமிடம் அளவே. நடைமேடைக்கு முன்னால் கத்தரிக்கோல் வடிவில் இரண்டு குறுக்குப் பாதைகள் வெட்டிக்கொள்கின்றன. இடது தடத்துக்கு ஒரு வண்டி நேராக வரும் அதே வேளையில் வலது தடத்து வண்டி நேராக வெளியேறலாம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் வலது தடத்துக்கு வண்டி வர வேண்டுமென்றால், இடது தடத்து வண்டி வெளியேறி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், ஏனெனில் இரண்டு வழிகளும் கத்தரியின் நடுவில் வெட்டிக்கொள்கின்றன. திரும்பும் வேகத்தின் உச்ச வரம்பு அந்த ஒற்றை வெட்டுப்புள்ளியில்தான் இருக்கிறது.

அதே நிலையத்தில் வடக்கு நோக்கிச் செல்லும் ஷின்கான்சென் அதிவேக ரயில்களுக்கு நான்கு தடங்கள். ஒவ்வொரு ரயிலும் சுமார் 12 நிமிடம் நிற்கிறது. அதில் பயணிகள் இறங்கவும் ஏறவும் போக, முழு ரயிலையும் சுத்தம் செய்து இருக்கைகளைத் திருப்பிவைக்கக் கிடைப்பது ஏழு நிமிடம். நிற்கும் 12 நிமிடத்தோடு, போன ரயில் விலகி அடுத்தது வந்து சேர நான்கு நிமிடத்தைக் கூட்டினால் 16. நான்கு தடங்களுக்குப் பகிர்ந்தால் நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில். துப்புரவுப் பணியாளர்கள் ஏழு நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் அந்தக் கணக்கே குலைந்துவிடும். ஒரு ரயில்பாதையின் திறன் துடைப்பம் பிடித்த கைகளையும் நம்பியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. லண்டன் சுரங்க ரயில்களில் சில முனையங்களில் வேறொரு உபாயம் உண்டு: வந்த ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்து போகும் நேரத்தை மிச்சப்படுத்த, முந்தைய வண்டியில் வந்த ஓட்டுநர் மறுமுனை நிற்கும் இடத்தில் முன்கூட்டியே காத்திருந்து, வண்டி நின்றவுடன் ஏறிக்கொள்கிறார்.

முனையத்தை வழி நிலையமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். பல நகரங்கள் பெரும் பொருட்செலவில் அதைச் செய்திருக்கின்றன. சூரிச் தலைமை நிலையத்தில் தரைமட்டத்தில் உள்ள முனையப் பகுதி அப்படியே இருக்க, அதன் அடியில் 1990இலும் 2014இலும் நான்கு நான்கு தடங்கள் கொண்ட இரண்டு சுரங்க வழி நிலையங்கள் திறக்கப்பட்டன. ஆண்ட்வெர்ப் நகரின் பழைய முனையத்துக்கு அடியில் 2007இல் சுரங்கப்பாதை திறந்தது. லைப்சிக்கில் 2013இல் திறந்தது. ஸ்டுட்கார்ட்டில் இன்னும் துணிந்து, 16 முனையத் தடங்களை அகற்றிவிட்டு, நகரத்துக்கு அடியில் 8 தடங்கள் கொண்ட வழி நிலையம் கட்டத் திட்டமிட்டு 2010இல் பணியைத் தொடங்கினார்கள். பாதியாகக் குறைந்த தடங்கள் எப்படிப் போதும் என்று எழுந்த எதிர்ப்பு மிகப் பெரியது. காலை உச்ச நேரத்தின் ஒரு மணியில் 49 ரயில்கள் வந்து சேர முடியுமா என்று கணினியில் ஓட்டிப் பார்த்து மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. இரு தரப்பு வாதத்திலும் உண்மை இருக்கிறது என்றே கருதுகிறேன். இரண்டு மூன்று நிமிடம் நின்று மறுபக்கம் போய்விடும் ரயிலுக்குத் தடம் குறைவாகப் போதும் என்பது சரி. ஆனால் தாமதமான ஒரு ரயிலை ஓரமாக நிறுத்திவைத்து மற்றவற்றை விடும் நெகிழ்வு, தடங்கள் குறையும்போது குறைந்துபோகிறது என்பதும் சரி.

வழி நிலையத்துக்கே உரிய சிக்கல் வேறு. திறந்த பாதையில் இரண்டு நிமிட இடைவெளியில் ஓடக்கூடிய ரயில்கள், நிலையத்தில் இரண்டு நிமிடம் நின்றால், முன்னது விலகிப் பின்னது வந்து நிற்பதற்குள் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். பாதை முழுவதும் சரியாக இருந்தும் அந்த ஒரு நிலையம் எல்லாவற்றையும் பாதியாக்கிவிடும். இதற்கு நல்ல மருந்து, ஒரே திசைக்கு ஒரு தீவு நடைமேடையின் இரு பக்கங்களையும் ஒதுக்குவது. ஒரு பக்கத்தில் பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்தில் அடுத்த ரயில் வந்துவிடும். மியூனிக் புறநகர் ரயிலின் மையச் சுரங்கத்தில் ஒரே தடத்துக்கு இருபுறமும் நடைமேடை அமைத்து, ஒரு பக்கக் கதவுகளில் இறங்கவும் மறுபக்கக் கதவுகளில் ஏறவும் வழி செய்த நிலையங்கள் உள்ளன. இறங்குவோரும் ஏறுவோரும் ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளாததால் சேமிக்கப்படும் சில பத்து விநாடிகளே ஒரு மணி நேரத்தில் பல ரயில்களாக மாறுகின்றன. லண்டன் பிரிட்ஜ் நிலையத்தை 2018இல் மாற்றிக் கட்டி முடித்தபோது நடைமேடைகளின் எண்ணிக்கை 15ஆகவே இருந்தது. ஆனால் 9 முனைய நடைமேடைகளும் 6 வழி நடைமேடைகளும் இருந்த இடத்தில் 6 முனைய நடைமேடைகளும் 9 வழி நடைமேடைகளும் வந்தன. நிலையத்துக்கு வெளியே பெர்மண்ட்சி என்னும் இடத்தில், வெட்டிக்கொண்டிருந்த பாதைகளில் ஒன்றை மற்றதன் அடியில் செலுத்திப் பிரித்தார்கள். நடைமேடைக்குச் செலவிடும் பணத்தின் ஒரு பங்கை இத்தகைய மேல்கீழ்ப் பிரிப்புக்குச் செலவிடுவது பெரும்பாலும் அதிகப் பலன் தரும்.

இனி, எந்த ரயிலுக்கு எந்த நடைமேடை என்ற பகுதிக்கு வருகிறேன். அன்றாடம் அதை நிறைவேற்றுபவர்கள் நிலைய அதிகாரிகளும் கட்டுப்பாட்டு அறையினரும். ஆனால் அடிப்படைத் திட்டம் கால அட்டவணையோடு சேர்த்தே வரையப்படுகிறது. கிடைமட்டத்தில் நேரமும் செங்குத்தாக நடைமேடை எண்களும் கொண்ட பெரிய கட்டத்தில், ஒவ்வொரு ரயிலும் ஒரு பட்டையாக இடம்பிடிக்கிறது. அந்தப் பட்டையின் இரு ஓரங்களிலும், நுழைவதற்கும் விலகுவதற்குமான நிமிடங்கள் காலியாக விடப்பட வேண்டும். ரயிலின் நீளத்துக்கு நடைமேடை போதுமா, பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்பும் குழாய் அந்தத் தடத்தில் உண்டா, அடுத்து அந்தப் பெட்டிகள் செல்ல வேண்டிய யார்டு எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பாதையிலிருந்து வருகிறது ஆகியவையெல்லாம் பார்க்கப்படுகின்றன. நடைமேடையின் அகலமும் படிக்கட்டுகளின் எண்ணிக்கையும் இவற்றுக்கு இணையாகப் பார்க்கப்பட வேண்டியவை. தீவு நடைமேடையின் இரு பக்கங்களிலும் நெரிசலான இரண்டு ரயில்களை ஒரே நிமிடத்தில் நிறுத்துவது தடத்தைப் பொறுத்தவரை சாத்தியமே, மனிதர்களைப் பொறுத்தவரை ஆபத்து. ஐரோப்பாவின் பல பெரிய நிலையங்களிலும் ஜப்பானிலும் நீளமான ஒரே நடைமேடையில் முன்னும் பின்னுமாக இரண்டு குட்டை ரயில்களை நிறுத்துவதுண்டு. அதற்கு, ரயில் நிற்கும் தடத்துக்குள் மிக மெதுவாக நுழைய அனுமதிக்கும் தனிச் சிக்னல் முறை வேண்டும்.

அந்தக் கட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இன்னொரு புதிரும் அவிழும். வழியில் ஏற்படக்கூடிய தாமதத்தை ஈடுகட்ட, கால அட்டவணையில் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அதில் பெரும்பகுதி கடைசி நிலையத்துக்குச் சற்று முன்னால் வைக்கப்படுவதும் உண்டு. வழியில் தாமதமே நேரவில்லையென்றால் ரயில் அந்த நிமிடங்களைச் சேமித்துக்கொண்டு நகர எல்லைக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஆனால் அதற்கான பட்டை கட்டத்தில் இன்னும் தொடங்கவில்லை; அந்த நடைமேடையில் அதற்கு முந்தைய ரயில் சட்டப்படி நின்றுகொண்டிருக்கிறது. அப்போது வெளியே காக்க வைப்பதில் யாருடைய பிழையும் இல்லை. ரயில் தாமதமாக வந்தாலும் இதே கதைதான்: அதன் பட்டை முடிந்துபோயிருக்கும், அந்த நடைமேடை அடுத்த ரயிலுக்குச் சொந்தமாகியிருக்கும். பக்கத்தில் காலியாகத் தெரியும் நடைமேடைக்குள் அதை விட்டால், ஆறு நிமிடத்தில் அங்கே வரவேண்டிய வேறொரு ரயிலை வெளியே நிறுத்த நேரிடும். சுவிட்சர்லாந்தில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் நாடு முழுவதற்கும் அமலான கால அட்டவணையில், முக்கியச் சந்திப்பு நிலையங்களில் எல்லாத் திசை ரயில்களும் முழு மணிக்குச் சற்று முன் வந்து சேர்ந்து, பயணிகள் மாறிக்கொண்டபின், சற்றுப் பின் புறப்படுமாறு அமைத்தார்கள். அத்தகைய நிலையத்தில் சில நிமிடம் எல்லா நடைமேடைகளும் நிரம்பியிருக்கும். அதன்பின் வெறிச்சோடிக் கிடக்கும். வெறிச்சோடிய நேரத்தில் அங்கே வந்து இறங்கும் ஒருவருக்கு இத்தனை நடைமேடைகள் எதற்கு என்றுதான் தோன்றும்.

தாமதமான ரயிலை வேறு நடைமேடைக்கு மாற்றும் முடிவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்த்தால் அது இரண்டு பாயிண்டுகளின் மாற்றம். நான்கு நிமிடம் மிச்சமாகும். நடைமேடையில் நிற்பவருக்கோ அது ஒரு மேம்பாலத்தின் படிக்கட்டுகள், கையில் பெட்டிகள், தோளில் குழந்தை, பார்வை மங்கிய முதியவர், சக்கர நாற்காலி. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரு குறுகிய படிக்கட்டை நோக்கித் திரும்பும்போது நெரிசல் உயிரையே பறிக்கும் அளவுக்குப் போகக்கூடும். ஆகவே, ரயிலைச் சில நிமிடம் வெளியே நிறுத்திவைத்து அறிவித்த நடைமேடைக்கே கொண்டுவருவதா, உடனே வேறு நடைமேடைக்கு விடுவதா என்ற தேர்வு வரும்போது, மக்கள் ஏற்கெனவே நடைமேடையில் திரண்டுவிட்டிருந்தால் முதலாவதைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. மாற்றியே ஆக வேண்டிய நிலையில், அறிவிப்பு வந்த பிறகு மெதுவாக நடப்பவரும் படியேறி இறங்கிப் போய்ச் சேரும் அளவுக்கு அந்த ரயிலைப் புறப்படாமல் பிடித்துவைக்க வேண்டும்.